தடை பண்ணின இலக்கியம் எப்படித் தப்பிக்குது? சோவியத் ரஷ்யாவை வச்சு ஒரு பதில்

கேள்வி இதுதான்: "நல்ல இலக்கியத்தை எந்த அரசாங்கத்தாலயும் அழிக்க முடியாதுன்னு சொல்றாங்களே, நிஜமா? நிஜம்னா அது எப்படித் தப்பிக்குது?"

பாதிதான் நிஜம்ங்க. "கையெழுத்துப் பிரதிகள் எரிவதில்லை"ன்னு ரஷ்ய எழுத்தாளர் புல்ககோவோட "மாஸ்டர் அண்ட் மார்கரீட்டா" நாவல்ல சாத்தான் சொல்ற வரி ஒண்ணு இருக்கு, வாட்ஸப் ஸ்டேட்டஸ் வரைக்கும் வந்துட்ட வரி. ஆனா அந்த நாவலோட முதல் வடிவத்தை 1930ல அடுப்புல போட்டு எரிச்சதே புல்ககோவ்தான். காகிதம் நல்லாவே எரியும். தப்பிச்ச ஒவ்வொரு புத்தகத்துக்குப் பின்னாடியும் யாரோ ஒரு ஆள் இருக்கார், பெரும்பாலும் எழுதினவரோட மனைவியோ சிநேகிதியோ டைப் அடிச்சுக் கொடுத்தவங்களோ. நமக்கு எழுத்தாளர் பேரு மட்டும்தான் தெரியும், அவங்க பேரு தெரியாது. அதனால இந்தப் பதில்ல அவங்களைப் பத்திதான் பேசப்போறேன்.

முதல்ல அன்னா அக்மதோவா. லெனின்கிராட்ல இருந்த கவிஞர். முன்னாள் கணவரை 1921லயே சுட்டுட்டாங்க, பையன் லெவ்வை 1935ல ஒரு தடவை, 1938ல மறுபடி ஒரு தடவை பிடிச்சாங்க. இந்தம்மா 17 மாசம் ஜெயில் வாசல்ல மத்த அம்மாக்கள், மனைவிமாரோட க்யூவுல நின்னாங்க. அந்த அனுபவத்துல எழுதினதுதான் "ரெக்வியம்"ங்கிற கவிதைத் தொடர். அதை வீட்ல எழுதி வச்சிருந்தா பையனுக்கும் ஆபத்து, தனக்கும் ஆபத்து. அதனால ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, அதை லித்யா சுகோவ்ஸ்கயாங்கிற சிநேகிதி பின்னாடி எழுதி வச்சிருக்காங்க. லித்யா, அக்மதோவாவோட வீட்டுக்கு வந்து உக்காருவாங்க. அறையில ஒட்டுக்கேட்கிற கருவி இருக்குமோன்னு பயம், அதனால அக்மதோவா சத்தமா "டீ குடிக்கிறீங்களா"ன்னு கேட்டுக்கிட்டே ஒரு துண்டுக் காகிதத்துல பென்சிலால வேகவேகமா கிறுக்கி நீட்டுவாங்க. லித்யா வாயைத் திறக்காம படிச்சு மனப்பாடம் பண்ணிட்டு திருப்பிக் கொடுப்பாங்க. "இந்த வருஷம் இலையுதிர்காலம் சீக்கிரமே வந்துடுச்சே"ன்னு அக்மதோவா மறுபடி சத்தமா சொல்லிட்டு, தீக்குச்சியைக் கிழிச்சு அந்தத் தாளை ஆஷ்ட்ரேல வச்சு எரிச்சிடுவாங்க. இப்படித்தான் அந்தக் கவிதை முழுக்க சில நண்பர்களோட மண்டைக்குள்ள போய் உக்காந்துச்சு. 1962 கடைசி வரைக்கும் டைப் அடிச்ச பிரதியே கிடையாது. அடுத்த வருஷம் ம்யூனிக்ல அச்சாச்சு, அதுவும் அவங்களைக் கேக்காமயே. சொந்த நாட்ல 1987லதான் வந்துச்சு, அதுக்குள்ள அக்மதோவா செத்து 21 வருஷம் ஆயிருந்துச்சு.

கவிஞர் மண்டல்ஷ்டாம் கதை இதைவிட மோசம். ஸ்டாலினைக் கிண்டல் பண்ணி 16 வரி, 1933ல. எங்கயும் எழுதி வைக்கல, தெரிஞ்ச சில பேருக்கு வாயால சொல்லிக் காட்டினார், அவ்வளவுதான், அதுல யாரோ போட்டுக் கொடுத்துட்டாங்க. 1934 மே மாசம் கைது, அப்புறம் நாடுகடத்தல் மாதிரி வொரோனெஷ் ஊர்ல வாசம், 1938ல மறுபடி கைது, அந்த டிசம்பர்லயே விளாதிவஸ்தோக் பக்கத்துல ஒரு தற்காலிக முகாம்ல செத்துப்போனார். மிச்சம் இருந்தது மனைவி நதேழ்தா. அவங்க ஸ்த்ரூனினோன்னு ஒரு சின்ன ஊர்ல டெக்ஸ்டைல் மில்லுல நைட் ஷிப்ட் பாத்தாங்க, மெஷினுக்கும் மெஷினுக்கும் நடுவுல ஓடிக்கிட்டே புருஷனோட கவிதைகளை முணுமுணுத்துக்கிட்டு இருப்பாங்களாம், மறந்துடக் கூடாதுன்னு. காகிதத்துல இருந்ததை தலகாணிக்குள்ள, சட்டி பானைக்குள்ள ஒளிச்சு வச்சாங்க, நம்பிக்கையான ஆளுங்ககிட்ட பிரிச்சுக் கொடுத்து வச்சாங்க. அப்புறம் ஊர் ஊரா மாத்தி இங்கிலீஷ் டீச்சர் வேலை. சோவியத்ல மண்டல்ஷ்டாமுக்கு ஒரு உருப்படியான தொகுப்பு வந்தது 1973ல. கல்யாணம் ஆகி சேர்ந்து இருந்த காலத்தைவிட அவர் கவிதையைக் காப்பாத்தின காலம்தான் அவங்களுக்கு ரொம்ப அதிகம்.

கவிதைக்கு ஒரு வசதி இருக்குங்க, எதுகை, சந்தம் எல்லாம் இருக்கிறதால மனசுல நிக்கும். நாவலுக்கு அந்த வழி கிடையாது. 800 பக்கத்தை எவன் மனப்பாடம் பண்ணுவான்? அங்க காகிதம்தான் வேணும், காகிதத்தைப் பிடிக்க போலீஸ் வரும்.

வசிலி கிராஸ்மனுக்கு அதுதான் நடந்துச்சு. ரெண்டாம் உலகப்போர்ல செஞ்சேனைப் பத்திரிகை நிருபரா ஸ்டாலின்கிராட்ல இருந்தவர், சாதாரண ஆள் இல்ல. "லைஃப் அண்ட் ஃபேட்"னு பெரிய நாவல் எழுதி, நாஜி முகாமும் சோவியத் முகாமும் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி மாதிரி இருக்குங்கிற ரேஞ்சுக்கு எழுதிட்டு, வெள்ளந்தியா அதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். 1961 பிப்ரவரில கேஜிபி, அதாவது சோவியத் ரகசிய போலீஸ், வீட்டுக்கு வந்துச்சு. அவரைக் கைது பண்ணல, நாவலைக் கைது பண்ணினாங்க. வீட்ல இருந்த பிரதி, டைப்பிஸ்ட்கிட்ட இருந்த பிரதி எல்லாத்தையும் அள்ளிட்டுப் போனாங்க, கார்பன் பேப்பரைக்கூட விடலைன்னு சொல்வாங்க. அவர் அப்போ நாட்டை ஆண்ட குருஷேவுக்கே லெட்டர் போட்டார், நான் வெளிய இருக்கேன், என் புத்தகம் ஜெயில்ல இருக்கு, இதுல என்ன அர்த்தம்னு கேட்டு. கட்சியோட பெரிய தலை சுஸ்லோவ் கூப்பிட்டுப் பேசினார், இன்னும் 200, 300 வருஷத்துக்கு இது அச்சாக வாய்ப்பே இல்லைன்னு அவர் சொன்னதா ஒரு பேச்சு. 1964ல கிராஸ்மன் கேன்சர்ல செத்துட்டார். புத்தகம் போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேதான் செத்திருப்பாரான்னா, அதான் இல்ல! ரெய்டுக்கு முன்னாடியே ரெண்டு பிரதியை ரெண்டு வேற வேற நண்பர்கள்கிட்ட ஒதுக்கி வச்சிருந்தார். அதுல ஒருத்தர் லிப்கின்ங்கிற கவிஞர், அவர் பல வருஷம் யார்கிட்டயும் மூச்சு விடல. 70கள்ல எழுத்தாளர் வொய்னோவிச், விஞ்ஞானி சகாரவ் (ஆமாங்க, அந்த ஹைட்ரஜன் பாம் சகாரவ்தான்), அவர் மனைவி போனர் எல்லாம் சேர்ந்து பக்கம் பக்கமா போட்டோ எடுத்து மைக்ரோஃபிலிமா வெளிய கடத்தினாங்க. 1980ல சுவிட்சர்லாந்து லோசான்ல புத்தகமா வந்துச்சு, ஃபிலிம் சரியா விழாததால அங்கங்க வார்த்தை இல்லாம. நாட்டுக்குள்ள 1988ல, ஒரு மாசப் பத்திரிகைல தொடரா. 300 வருஷம் 27 வருஷமா சுருங்கிடுச்சு!

இதுல எல்லாரும் விட்டுடற விஷயம், போலீஸ்காரனே சில நேரம் லைப்ரரியன் வேலை பாத்திருக்கான். மண்டல்ஷ்டாம் அந்த 16 வரியை தன் கையாலயே எழுதினது விசாரணை அதிகாரிக்காகத்தான், அந்தத் தாள் கேஸ் ஃபைல்ல பத்திரமா இருந்துச்சு. புல்ககோவ் வீட்ல 1926ல ரெய்டு பண்ணி டைரியைத் தூக்கிட்டுப் போனாங்க, சில வருஷம் கழிச்சு திருப்பிக் கொடுத்தாங்க, அவர் கடுப்புல அதை எரிச்சிட்டார். ஆனா போலீஸ் அதுக்குள்ள ஒரு காப்பி எடுத்து வச்சிருந்துச்சு. ஆட்சி ஆட்டம் காணற நேரத்துல ஆவணக் காப்பகத்துல இருந்து அது வெளிய வந்துச்சு. கிராஸ்மன்கிட்ட பறிச்ச காகிதங்களையும் 2013ல திருப்பி ஒப்படைச்சாங்க. சென்சார் பண்றவனுக்கு ஃபைல் மேல இருக்கற பக்தி இலக்கியத்துக்கு உதவினது இப்படி.

ஆனா இதைப் படிச்சிட்டு "பாத்தீங்களா, கடைசில இலக்கியம்தான் ஜெயிக்குது"ன்னு கமெண்ட் போட்டுடாதீங்க, ப்ளீஸ். எழுத்தாளர் ஐசக் பாபெலை 1939 மே மாசம் பிடிச்சாங்க, அடுத்த ஜனவரில சுட்டாங்க, வீட்ல இருந்து அள்ளிட்டுப் போன கையெழுத்துப் பிரதிகள் இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல. அதுல என்ன இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, ஏன்னா அதைப் படிச்ச ஒரு லித்யாவோ ஒளிச்சு வச்ச ஒரு லிப்கினோ இல்ல. தப்பிச்சதை மட்டும் பாத்துட்டு எல்லாம் தப்பிச்சிடும்னு சொல்றது, பஸ்ல இடம் கிடைச்சவனைக் கேட்டுட்டு பஸ்ல கூட்டமே இல்லைன்னு சொல்ற மாதிரி.

காப்பாத்தினவங்களுக்கு ஆன செலவையும் சொல்லணும். சோவியத் கைதி முகாம்களைப் பத்தி எழுத்தாளர் சோல்செனிட்சின் எழுதின "குலாக் ஆர்க்கிபெலகோ"வை டைப் அடிச்சவங்கள்ல ஒருத்தர் எலிசவெத்தா வொரோன்யான்ஸ்கயா, லெனின்கிராட்ல இருந்த வயசான அம்மா. உங்ககிட்ட இருக்கற பிரதியை எரிச்சிடுங்கன்னு அவர் சொல்லியிருந்தார், எரிச்சிட்டேன்னு சொல்லிட்டாங்க, ஆனா மனசு வராம ஒளிச்சு வச்சிருந்தாங்க. 1973 ஆகஸ்ட்ல கேஜிபி அஞ்சு நாள் விசாரிச்சதுல இடத்தைச் சொல்லிட்டாங்க, கொஞ்ச நாள்ல அவங்க தூக்குல தொங்கினபடி கிடைச்சாங்க. அதுக்கு அப்புறம்தான் சோல்செனிட்சின், இனி மறைக்க ஒண்ணும் இல்லைன்னு பாரிஸ்ல அச்சடிக்கச் சொன்னார். அந்த டிசம்பர்லயே முதல் பாகம் வந்துச்சு, பிப்ரவரில அவரை நாட்டை விட்டே அனுப்பிட்டாங்க. அந்தம்மா பண்ணினது முட்டாள்தனம்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரல.

இதுக்கு நடுவுல சாமிஸ்தாத்னு, தடை பண்ணினதை ரகசியமா பிரதி எடுத்து சுத்துக்கு விடற ஒரு ஏற்பாடு ஓடிக்கிட்டே இருந்துச்சு. மெல்லிசு பேப்பரை கார்பனோட அடுக்கி டைப்ரைட்டர்ல ஓங்கி ஓங்கி அடிச்சா ஒரு தடவைக்கு நாலு அஞ்சு காப்பி, கடைசிக் காப்பி கண்ணு வலிக்கிற மாதிரி மங்கலா இருக்கும். ஒரு ராத்திரிக்குத்தான் கைல கிடைக்கும், காலைல அடுத்தவனுக்குப் போகணும், அதனால குடும்பமா உக்காந்து தாள் தாளா கைமாத்திப் படிப்பாங்க. "மாஸ்டர் அண்ட் மார்கரீட்டா" 1966, 67ல பத்திரிகைல வெட்டி வந்தப்போ, வெட்டின பகுதி எல்லாத்தையும் எது எங்க வரணும்னு குறிப்போட டைப் அடிச்சு சுத்துக்கு விட்டாங்க. இன்னைக்கு டைரக்டர்ஸ் கட் கேக்கற ஆளுங்க இதைக் கத்துக்கணும்.

நம்ம ஊர் சம்பந்தம் ஒண்ணு சொல்லிடறேன். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம்னு போட்ட தமிழ்ப் புத்தகங்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்ல சல்லிசா வாங்கிப் படிச்ச தலைமுறை நிறைய இருக்கு. கோர்க்கி, டால்ஸ்டாய், ஐத்மாத்தவ் எல்லாம் அப்படித்தான் நம்ம வீட்டுக்கு வந்தாங்க, அதுக்கு நன்றி சொல்லியே ஆகணும், அருமையான பேப்பர், அருமையான பைண்டிங். ஆனா மேல சொன்ன ரெக்வியமோ குலாக்கோ அந்த வண்டில ஏறல, ஏற விட்டிருக்கவும் மாட்டாங்க. அந்த சென்சார் நம்ம அலமாரி வரைக்கும் வேலை பாத்திருக்குன்னு அப்போ நமக்குத் தோணவே இல்ல.

எதுல ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, ரெக்வியம் சின்னது, ஒரே மூச்சுல முடிச்சிடலாம், அதுல ஆரம்பிங்க. அப்புறம் நதேழ்தாவோட நினைவுக்குறிப்பு ரெண்டு பாகம். "லைஃப் அண்ட் ஃபேட்" கடைசில வச்சுக்கோங்க, ராபர்ட் சாண்ட்லர் இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல பின்பக்கம் கதாபாத்திரங்க லிஸ்ட் இருக்கு, அதுல ஒரு விரலை வச்சுக்கிட்டே படிங்க, இல்லேன்னா 100 பக்கத்துக்குள்ள யாரு யாருக்கு மச்சான்னு தலை சுத்திடும்.