ஹேக்கில் வழக்குப் போடலாமா?

கேள்வி: 2008இல் என் தம்பியை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு வாசலில் வைத்தே வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. ஹேக்கில் வழக்குப் போட்டுத் தருவதாகச் சொல்லி ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (ஒரு வாசகி, கொழும்பு 6)

பதில்: கொடுக்க வேண்டாம், சகோதரி. ஹேக்கில் உள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் தனியாள் எவரும் வழக்குப் போட முடியாது. அதன் வழக்குத்தொடுநருக்குத் தகவல் அனுப்பலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தில் இலங்கை இணையாத நாடு. இங்கேயே, இந்நாட்டவர் செய்த குற்றத்தை அந்த நீதிமன்றம் விசாரிக்க, ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்பவேண்டும், இல்லையென்றால் இலங்கை அரசே சம்மதிக்கவேண்டும். அது கிட்டத்தில் நடக்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை.

சிரியாவும் ரோம் சாசனத்தில் இணைந்திருக்கவில்லை. 2014 மே மாதம் அந்த நாட்டின் விடயத்தை ஹேக்குக்கு அனுப்பப் பாதுகாப்புச் சபையில் முயன்றபோது ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டுத் தடுத்தன. எல்லாம் முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால் டமாஸ்கஸ் தடுப்பு முகாமொன்றில் நடந்த சித்திரவதைக்குப் பொறுப்பாக இருந்த அன்வர் ரஸ்லான் என்ற உளவுத்துறை கேணல் ஜெர்மனிக்கு வந்து குடியேறியிருந்தார். அந்த முகாமிலிருந்து தப்பி அகதிகளாக வந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். 2022 ஜனவரியில் கோப்லென்ஸ் நகர நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கொடிய குற்றம் எங்கே நடந்தாலும் விசாரிக்கலாம் என்கிற இந்த உலகளாவிய நியாயாதிக்கத்தில்தான் எனக்கு அதிக நம்பிக்கை. சந்தேகநபர் அப்படி விசாரிக்கும் நாடொன்றில் கால் வைக்கும் நாளில் சாட்சியம் தயாராக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அதற்கான வேலை ஏற்கெனவே நடக்கிறது. 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் நிறைவேறிய 46/1 தீர்மானத்தின்படி, ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஸ்தானிகர் அலுவலகம் இலங்கை பற்றிய சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கிறது. உங்கள் சாட்சியத்தை அங்கே கொடுக்கும் முன், உங்கள் பெயர் யார் யாருக்குத் தெரியவரும் என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய ஐ.நா. செயற்குழுவுக்கும் குடும்பத்தினர் நேரடியாக எழுதலாம், சட்டத்தரணி தேவையில்லை.

இங்கே கொழும்பில், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையிலும் வழி இருக்கிறது. கொண்டுபோன ஆளை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தும்படி கேட்கும் ஆட்கொணர்வு மனுவை மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் போடலாம். இத்தனை வருடம் கழித்தா என்று தயங்க வேண்டாம். 2009இல் போர் முடிவில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் குடும்பங்கள் போட்ட மனுக்களில், 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம் அவர்களை ஆஜர்படுத்தும்படி இராணுவத்துக்கு உத்தரவிட்டது. ஆட்கள் திரும்பி வரவில்லைதான். ஆனாலும் அந்தத் தீர்ப்பை நாளை எந்த நாட்டு நீதிமன்றத்திலும் காட்டலாம்.

அரசின் காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகத்தின் மீது, பிள்ளைகளைத் தேடும் தாய்மாருக்குள்ள கோபம் நியாயமானது. இருந்தாலும் அங்கே கொடுத்த முறைப்பாட்டின் இலக்கத்தைப் பத்திரப்படுத்துங்கள். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கி, காணி வேலைகளுக்கு, காணாமல் போனமைக்கான சான்றிதழைக் கேட்டு வாங்கலாம்.

பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழு தந்த கடிதம், தம்பியின் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். அன்று அந்த வானைப் பார்த்த அயலவர் யாராவது இருந்தால், அவருக்கும் இப்போது வயதாகியிருக்கும். அவர் சம்மதித்தால், கண்டதை இந்த வாரமே சத்தியக் கடதாசியாக எழுதி வாங்குங்கள்.