மலிவான பேஸ் கிட்டாரை ‘பி’ வரை இறக்கலாமா?

செங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: நாலு கம்பி பேஸ், ‘ஈ’ சுருதிக்குக் கீழே இறக்கினால் கம்பி தொளதொளக்கிறது, என்ன செய்யலாம் என்று.

தளர்த்தாதீர்கள், கம்பியையே மாற்றுங்கள். ஐந்து கம்பி செட் வாங்கி, மெல்லிய ‘ஜி’யை விட்டுவிட்டு பி, ஈ, ஏ, டி என மாட்டுங்கள். பி கம்பி சுமார் 0.130 அங்குலத் தடிமன். பழைய ஈ 0.105தான். அதனால் நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டை) பள்ளத்தில் பி கம்பி உட்காராது. பழைய ஈ கம்பியில் உப்புத்தாளைச் சுற்றி அந்தப் பள்ளத்தில் மெதுவாக இழுங்கள். நாலு இழுப்புக்கு ஒருமுறை புதுக்கம்பியை வைத்துப் பாருங்கள். அகலம்தான் வேண்டும், ஆழம் கூடினால் முதல் ஃப்ரெட்டிலேயே (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) கரகரக்கும்.

அப்புறம் 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி ட்யூனரில் பாருங்கள். சுருதி ஏறியிருந்தால் பிரிட்ஜில் (உடல்பக்கம் கம்பிகள் பொருந்தும் பாகம்) அந்தக் கம்பியைத் தாங்கும் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள். கழுத்து வளைந்தால் அதைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்ப வேண்டாம். நம் பக்கத்துச் சாரலில் மரம் ஈரம் குடிக்கும், ஜூலையில் மறுபடி பாருங்கள். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) மாற்றும் செலவு இப்போதைக்கு வேண்டாம். பி கம்பி பக்கம் அதைக் கொஞ்சம் இறக்கினாலே ஒலியின் குழப்பம் தெளியும்.