ஸ்பானிஷில் 'அது'வுக்கு ஏன் இரண்டு சொல்?

கேள்வி இதுதான்: மலாயில் இனி (இது), இத்து (அது) என்று இரண்டோடு முடிகிறது. ஸ்பானிஷில் மட்டும் எஸ்தே (இது), எஸே, அக்கேல் (இரண்டும் 'அது') என்று மூன்று எதற்கு?

தமிழருக்கு இது புதிதே இல்லை. நம் இலக்கணத்தில் அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து: இது, உது, அது. நாம் உதுவைத் தொலைத்துவிட்டோம், யாழ்ப்பாணத்தார் இன்னும் பேசுகிறார்கள். மலாயாத் தோட்டங்களில் கிராணியாக (எழுத்தராக) இருந்த யாழ்ப்பாணக் குடும்பங்களோடு பழகிய பாட்டிமார் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் ஒட்டுக்கடையில் (சிறு சாப்பாட்டுக் கடையில்) எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம் என்று வையுங்கள். கோப்பைக்கு ஸ்பானிஷில் தாஸா, பெண்பால். என் கையில் இருப்பது எஸ்தா. உங்கள் முன்னால் ஆறிக்கொண்டிருப்பது எஸா, அதாவது உது. கல்லாப்பெட்டி பக்கம், இரண்டு பேருக்கும் எட்டாமல் இருப்பது அக்கேயா. கண்ணாடிக் கிளாஸ் என்றால் வாஸோ, ஆண்பால்: எஸ்தே, எஸே, அக்கேல். பன்மைக்கு எஸ்தோஸ், எஸோஸ், அக்கேயோஸ். பெண்பாலில் எஸ்தாஸ், எஸாஸ், அக்கேயாஸ்.

எல்லாரும் வழுக்கி விழுவது எஸ்தோவில். ஓகாரத்தில் முடிவதால் ஆண்பால் என்று நினைத்துவிடுவோம் (நானும்தான்). அது பால் இல்லாத சொல். தட்டில் பெயர் தெரியாத பலகாரம் ஒன்று இருக்கிறது, "கே எஸ் எஸ்தோ?", இது என்ன? பெயர் தெரிந்த பொருளுக்கு அதைப் போடக்கூடாது.

பழைய புத்தகங்களில் சில இடங்களில் எஸ்தே, எஸேயின் தலையில் ஒரு சாய்கோடு இருக்கும். 2010இல் வந்த ஸ்பானிஷ் அரச கழகத்தின் எழுத்து விதிப்படி அது தேவையில்லை.