கேள்வி-பதில்: 'ரெக்கார்டிங் இருக்கு சார்!'

கேள்வி: மகளுக்கு கீபோர்டு வாங்கினோம். பாட்டியின் குரலைப் பதிந்து கட்டைகளில் வாசிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. "ரெக்கார்டிங் இருக்கா?" என்று கேட்டதற்கு, "இருக்கு சார், பட்டனே இருக்கு பாருங்க" என்றார்கள். வீட்டில் போட்டால் நாம் வாசித்ததை மட்டும் திருப்பி வாசிக்கிறது. மாற்றித் தர மறுக்கிறார்கள். பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருக்கிறது. (வாசகர், மதுரை)

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. வாய் திறந்து கேட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள். இந்த 'ரெக்கார்டிங் இருக்கு' என்ற பதிலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கீபோர்டில் பதிவு என்ற பெயரில் மூன்று வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. முதல் வகையில், எந்தக் கட்டையை எப்போது அழுத்தினீர்கள், எவ்வளவு நேரம் பிடித்தீர்கள் என்ற குறிப்பு மட்டும்தான் சேமிக்கப்படும். அதில் ஒலியே கிடையாது. பியானோவில் பதிந்ததை, டோனை, அதாவது வாத்திய ஒலியை, மாற்றிப் புல்லாங்குழலில் கேட்கலாம். விலை குறைந்த கீபோர்டுகளின் ரெக்கார்ட் பட்டன் பெரும்பாலும் இந்த வேலையைத்தான் செய்யும். அடுத்தது, கீபோர்டில் வாசிப்பது அப்படியே பென் டிரைவில் ஒலிக்கோப்பாக விழுவது. மூன்றாவதுதான் உங்கள் மகள் கேட்டது. வெளியே இருக்கும் ஒலியை மைக்கிலோ வயரிலோ உள்ளே இழுத்து, கட்டையை அழுத்தினால் அதையே ஒலிக்க வைப்பது. இதற்குப் பெயர் சாம்பிளிங். பெட்டியிலும் கம்பெனியின் விவரப் பட்டியலிலும் அந்தச் சொல் இல்லையென்றால் வசதி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மைக் குத்த இடம் இருக்கிறதே என்றும் ஏமாறாதீர்கள். பல மாடல்களில் அது உங்கள் குரலை ஸ்பீக்கரில் கொண்டுவர மட்டும்தான்.

கடையிலேயே பார்த்துவிடலாம். மைக்கில் 'ஆ' என்று ஒரு குரல் கொடுங்கள். கீழ், நடு, மேல் ஸ்தாயிகளில் ஒவ்வொரு கட்டையை அழுத்துங்கள். மூன்றிலும் உங்கள் குரல் வர வேண்டும். ஒரு ஸ்தாயி மேலே போனால் பதிவு இரட்டை வேகத்தில் ஓடும், குரல் கீச்சென்று ஆகி நேரம் பாதியாகும், அது இயல்புதான். அப்புறம் சுவிட்சை அணைத்து மறுபடி போடுங்கள். குரல் இன்னும் இருக்கிறதா? இருந்தால் பணத்தை எடுங்கள். 'சாம்பிளிங் வசதி உள்ளது' என்று பில்லில் எழுதியும் வாங்குங்கள்.

இனி உங்கள் வழக்கு. இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லி விற்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. பில்லில் அச்சடித்த அந்த வரி அதை நியாயமாக்கிவிடாது. முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். விடாதீர்கள்.

கேள்வி: சினிமாப் பாட்டில் ஏழு வினாடி வரை சாம்பிள் எடுத்து நம் ஆல்பத்தில் போட்டால் சட்டப்படி தப்பில்லையாமே? (வாசகர், சேலம்)

பதில்: எந்தச் சட்டத்தில்? அப்படி ஒரு பிரிவே கிடையாது.

கேள்வி: யமஹா பிஎஸ்ஆர்-ஈ473 வைத்திருக்கிறேன். அப்பா வாசிக்கும் நாதஸ்வரத்தைப் போனில் பதிந்து சாம்பிளாக ஏற்றினால் பிசிறடிக்கிறது. பத்து வினாடிகூடத் தாண்டவில்லை. பழுதா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: பழுதில்லை. அந்த மாடலில் சாம்பிளிங் நேரம் சுமார் 9.6 வினாடிதான் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. பிசிறு உங்கள் போனில் தொடங்குகிறது. நாதஸ்வரத்தின் அணசுக்கு (அடியில் விரிந்திருக்கும் வாய்க்கு) நேரே போனை நீட்டினால் அதன் குட்டி மைக் திணறத்தான் செய்யும். ஏழெட்டு அடி தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். போனிலிருந்து ஆக்ஸ் வயரில் ஏற்றும்போது வால்யூமை முழுக்கத் திருகாமல், பிசிறு நிற்கும் வரை குறைத்துக்கொள்ளுங்கள். பதிவின் முன்பக்கத்து அமைதியை வெட்டிவிட்டு ஏற்றுங்கள், இல்லையென்றால் கட்டையை அழுத்தியபின் ஒலி தாமதமாக வந்து தாளம் போய்விடும்.

நேரடியாக மைக்கில் எடுப்பதானால் சாதாரண டைனமிக் மைக் போதும். 'எல்லா கீபோர்டுக்கும் பொருந்தும்' என்ற விளம்பரத்தை நம்பி நான் ஒரு கன்டென்சர் மைக் வாங்கினேன். அந்த வகைக்கு 48 வோல்ட் மின்சாரம் மைக் வயர் வழியாகவே வர வேண்டும். வீட்டு கீபோர்டு அதைத் தராது. மைக் இப்போது என் மேசையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.

கேள்வி: யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்700 கீபோர்டு வாங்கிவிட்டேன். இவ்வளவு விலை கொடுத்தும் சாம்பிளிங் பட்டனைக் காணவில்லை. கம்பெனி மேல் வழக்குப் போடலாமா? (வாசகர், கோவை)

பதில்: விலை அதிகம் என்பதால் எல்லாம் உள்ளே இருக்கும் என்று நீங்களே முடிவு செய்துகொண்டால் கம்பெனி என்ன செய்யும்? விவரப் பட்டியல் இலவசம். வாங்கியபின் தேடுவதை வாங்குமுன் தேடியிருக்கலாம்.

சரி, வாங்கியாயிற்று. வழி இருக்கிறது. ஒலியை வேவ் (.wav) என்ற ஒலிக்கோப்பாகக் கணினிக்குக் கொண்டுபோய், யமஹா இலவசமாகத் தரும் எக்ஸ்பான்ஷன் மேனேஜர் மென்பொருளில் டோனாக அமைத்து, பென் டிரைவ் வழியாக கீபோர்டில் ஏற்றலாம். இதற்கென்று சுமார் 400 எம்பி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு வினாடி மோனோ பதிவு, சிடி தரத்தில், 90 கேபிகூட வராது என்பதால் தாராளமாகப் போதும். சுரத்துக்குச் சுரம் தனித்தனியாகப் பதிந்து அடுக்கினால் கீச்சுக்குரல் தொல்லையும் இருக்காது.

கேள்வி: '5,000 இந்தியன் டோன்கள்' என்ற விளம்பரத்தைப் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு 1,500 ரூபாய் அனுப்பினேன். பென் டிரைவ் வந்தது. என் கீபோர்டு அதைத் திறக்கவே இல்லை. கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார். (வாசகர், தூத்துக்குடி)

பதில்: கச்சேரிக்காரர்களின் வயிற்றில் அடிக்கும் கும்பல் இது. டோன் கோப்புகள் மாடலுக்கு மாடல் வேறுபடும். ஒரு கம்பெனிக்குச் செய்ததை இன்னொன்று படிக்காது, ஒரே கம்பெனியிலும் அண்ணன் மாடலுக்குச் செய்தது தம்பிக்குப் பொருந்தாமல் போகும். அந்த பென் டிரைவைக் கணினியில் போட்டு, வேவ் கோப்புகள் ஏதாவது இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவற்றையாவது காப்பாற்றலாம். பணம் அனுப்பிய ரசீதையும் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு இன்றைக்கே பேசுங்கள். தொகை சின்னது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அவர்கள் பிழைப்பதே அதை நம்பித்தான்.

கேள்வி: சர்வீஸில் கீபோர்டை ரீசெட் செய்ததில் என் சாம்பிள்கள் எல்லாம் போய்விட்டன. மீட்க முடியுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: முடியாது. பென் டிரைவில் நகல் எடுக்காமல் கொடுத்தீர்களா? நல்ல காரியம் செய்தீர்கள்.

கேள்வி: பழைய கேசியோ எஸ்கே-1 ஒன்று 12,000 ரூபாய்க்கு வருகிறது. சாம்பிளிங் கற்றுக்கொள்ள வாங்கலாமா? (வாசகர், சென்னை)

பதில்: கற்றுக்கொள்ளவா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கவா? 1980களின் நடுவில் வந்த அந்தக் குட்டிப் பெட்டிக்கு நானும் ஒரு காலத்தில் மயங்கியதுண்டு. 32 சின்னக் கட்டைகள், 8 பிட் என்ற கரடுமுரடான பதிவு, ஒலியை வினாடிக்குச் சுமார் 9,380 முறை அளந்து எடுக்கும் (ஒவ்வொரு அளவும் ஒரு மாதிரி), பதியக்கூடியது மொத்தம் 1.4 வினாடி. மாதிரி எடுக்கும் வேகத்தில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண் பதிவில் நிற்காது. அதனால் ஜாலராவின் மினுமினுப்பு, 'ஸ்' சத்தம் எல்லாம் மழுங்கிவிடும். அந்தக் கரகரப்புக்காகவே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், விலை ஏறுவதும் அவர்களால்தான். அணைத்தால் சாம்பிள் அழிந்துவிடும். வாங்கியே தீருவேன் என்றால் பேட்டரி மூடியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள், எல்லாக் கட்டையையும் அழுத்துங்கள், மைக்கில் பேசி ஒலிக்கவிட்டுப் பாருங்கள். கூரியரில் அனுப்புகிறேன், முன்பணம் போடுங்கள் என்றால் வேண்டவே வேண்டாம்.