@ போட்டாலே அது பதில் ஆகிவிடுமா?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து சின்னதாக ஒரு குறும்பதிவுச் சேவை எழுதுகிறோம். @பெயர் என்று தொடங்கும் பதிவைப் பதிலாக எடுத்துக்கொள்ளலாமா? அது யார் யார் டைம்லைனில் தெரிய வேண்டும்? பெயர்களை எழுத்து வரம்பில் சேர்க்கலாமா?

முதல் கேள்விக்கு என் பதில்: வேண்டவே வேண்டாம். ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) 2006இல் தொடங்கியபோது பதில் பொத்தானே கிடையாது. பயனர்களாகத்தான் @பெயர் போட்டுப் பேச ஆரம்பித்தார்கள், நிறுவனம் பிறகு அதை ஏற்றுக்கொண்டது. ஆரம்பத்தில், பதிவின் தலையில் ஒரு பெயர் இருந்தால் அது அவருடைய கடைசிப் பதிவுக்கான பதில் என்று மென்பொருள் ஊகித்துக்கொள்ளும். நீங்கள் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் அவர் வேறு எதையாவது எழுதிவிட்டால், உங்கள் பதில் அதற்குக் கீழே போய் ஒட்டிக்கொள்ளும். பெயரில் தொடங்கும் பதிவு எல்லாருக்கும் தெரியாது என்பதால், முன்னால் ஒரு புள்ளி வைத்து ‘.@’ என்று எழுதும் பழக்கம் வேறு வந்தது. யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை ஒரு புள்ளி தீர்மானிக்கிறது என்றால் வடிவமைப்பில்தான் கோளாறு.

ஆகவே பதில் வேறு, குறிப்பிடுதல் வேறு. பதில் பொத்தானை அழுத்தி எழுதினால் மட்டுமே அது பதில். அதில் இரண்டு எண்களைச் சேமியுங்கள்: எந்தப் பதிவுக்குப் பதில், உரையாடலைத் தொடங்கிய பதிவு எது. புளூஸ்கை என்ற குறும்பதிவுச் சேவை இப்படித்தான் செய்கிறது. இரண்டாவது எண் இருந்தால் உரையாடல் முழுவதையும் ஒரே தேடலில் எடுத்துவிடலாம். நடுவில் ஒருவர் தன் பதிவை நீக்கினாலும் மற்றவை சிதறாது. ‘இனி இந்த உரையாடலில் எனக்கு அறிவிப்பு வேண்டாம்’ என்ற வசதியையும் அந்த எண்ணில்தான் மாட்ட வேண்டும். அந்த வசதியைத் தள்ளிப்போடாதீர்கள், முதல் சண்டையிலேயே தேவைப்படும்.

குறிப்பிடுதலை வெறும் உரையாக வைக்காமல், பதிவிடும் நேரத்திலேயே அந்தப் பயனரின் மாறாத உள் எண்ணோடு இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் பெயரை மாற்றியதும் பழைய பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டு, பழைய குறிப்புகளுக்கெல்லாம் சொந்தக்காரர் ஆகிவிடுவார்.

பெயர் உரையில் எங்கே தொடங்குகிறது என்பதையும் சேமிக்க வேண்டும். தமிழில் கைவைத்தால் இங்கேதான் இடிக்கும். ‘வணக்கம் @மலர்’ என்பதில் @ குறிக்கு முன்னால், இடைவெளியோடு சேர்த்து, கண்ணுக்குத் தெரிவது 6 எழுத்து. உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி புள்ளியையும் தனியாக எண்ணுவதால் அதன் கணக்கில் 8. உரையைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையின் பைட் கணக்கில் 22. உலாவி ஒரு கணக்கிலும் சர்வர் இன்னொரு கணக்கிலும் எண்ணினால் இணைப்பு பாதிச் சொல்லில் விழும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவைத்துவிடுங்கள்.

தமிழிலேயே பயனர்பெயர் தர ஆசையா? யூனிகோடில் புள்ளி, கொம்பு, உகரக் குறி போன்றவை ‘எழுத்து’ வகையில் வராது, எழுத்தோடு ஒட்டும் சேர்குறி வகை. எழுத்துகளை மட்டும் பொருத்தினால் ‘குமரன்’ வெறும் ‘க’ என்று நின்றுவிடும். அதைச் சரிசெய்தாலும் வேற்றுமை உருபு விடாது. ‘@மலருக்கு’ என்று எழுதினால் ‘மலருக்கு’ என்ற ஆளைத் தேடும். அதனால் உரையைப் பிரித்துப் பார்த்து ஊகிக்காமல், @ அடித்ததும் வரும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்ததை மட்டுமே குறிப்பாக எடுங்கள். மின்னஞ்சல் முகவரிக்குள் இருக்கும் @ தொல்லையும் அதோடு ஒழிந்துவிடும்.

டைம்லைன் விஷயம் எளிது. பதில் தருபவர், பெறுபவர் இருவரையுமே பின்தொடர்பவருக்குத்தான் அது வரட்டும், மற்றவர்கள் பதில் தந்தவர் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். எல்லாப் பதில்களையும் பார்க்கும் விருப்பத்தேர்வை ட்விட்டர் 2009 மே மாதம் நீக்கியபோது பெரிய கூச்சல் எழுந்தது. கொடுத்துவிட்டுப் பிடுங்குவதைவிட முதலிலேயே கொடுக்காமல் இருப்பது மேல்.

எழுத்து வரம்பு? பதிலில் தானாக வரும் பெயர்களை ட்விட்டர் 2017 முதல் எண்ணுவதில்லை. நியாயம்தான், ஆனால் இலவசம் என்றதும் உரையாடலுக்குச் சம்பந்தமில்லாதவர்களும் வரிசையாகத் தொங்கிக்கொண்டு வருவார்கள். பதில் எழுதும்போது மூலப் பதிவர் மட்டும் தேர்வாகியிருக்கட்டும், மற்றவர்களை வேண்டுமானால் டிக் செய்து சேர்க்கட்டும். கையால் உரைக்குள் எழுதிய பெயரை எண்ணுங்கள். பிற்பாடு, பல தளங்கள் இணைந்து இயங்கும் மாஸ்டடான் போல @பெயர்@தளம் என்று போகும் எண்ணம் இருந்தால், அங்கே செய்வதுபோல் தளப் பகுதியை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம்.