பிசிஎம்1794ஏ சிப் வைத்து சொந்தமாக டாக் (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) கட்டுகிறேன். வெளியீட்டில் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் போதுமா, முழு ஃபில்டர் வேண்டுமா? எந்த ஆப்-ஆம்ப் நல்லது?

ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுகிறேன். எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள், சாக்கெட் போட்டு மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். இந்தச் சிப்பில் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே, சிப்பின் காலுக்கும் முதல் ஆப்-ஆம்ப்புக்கும் நடுவில் உள்ள ஒரு சென்டிமீட்டரில் முடிவாகிவிடும்.

ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் போதும் என்று உங்களிடம் சொன்னவர் அனேகமாக பிசிஎம்5102ஏ பயன்படுத்துகிறவர். அது வோல்டேஜ் தரும் சிப். 470 ஓம், 2.2 நானோஃபாரட் போட்டால் 154 கிலோஹெர்ட்ஸில் ஃபில்டர் ஆயிற்று, 2.1 வோல்ட் நேராக ஆம்ப்ளிஃபயருக்குப் போகலாம். டேட்டாஷீட்டும் அதைத்தான் சொல்கிறது. 1794ஏ தருவது கரண்ட். அதுவும் சேனலுக்கு இரண்டு கால்கள், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். ஒவ்வொரு காலிலும் உச்சிக்கு உச்சி 7.8 மில்லிஆம்ப் ஆடும். ஆட்டத்தின் நடுப்புள்ளி பூஜ்ஜியத்தில் இல்லை, 6.2 மில்லிஆம்ப்பில் இருக்கிறது. இந்த இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கணக்கெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

வெறும் ரெசிஸ்டரை கிரவுண்டுக்குப் போட்டாலும் கரண்ட் வோல்டேஜாக மாறும்தான். ஆனால் சிப்பின் வெளியீட்டுக் காலில் வோல்டேஜ் ஆடக் கூடாது, ஆடினால் டிஸ்டார்ஷன் ஏறும். ஆட்டத்தைக் குறைக்க ரெசிஸ்டரைச் சின்னதாக்கினால் சிக்னல் சிறுத்துப் போய், பின்னால் பெரிய கெயின் வைக்க வேண்டிவரும், இரைச்சலும் கூடவே வரும். அதனால் இங்கே விர்ச்சுவல் கிரவுண்ட் (கரண்டை வாங்கிக்கொண்டு, காலின் வோல்டேஜை அசையாமல் பூஜ்ஜியத்தில் பிடித்து வைப்பது) கொடுக்கும் ஆப்-ஆம்ப்தான் சரி. டேட்டாஷீட்டில் இருப்பதும் அதுதான்: என்இ5534, ஃபீட்பேக்கில் 750 ஓம், அதற்கு இணையாக 2200 பிகோஃபாரட்.

அந்த 2200 பிகோஃபாரட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் ஃபில்டரின் முதல் பகுதியே அதுதான். 750 ஓமோடு சேர்ந்து 96 கிலோஹெர்ட்ஸில் ஒரு போல் (அதற்கு மேல் சிக்னல் இறங்கத் தொடங்கும் புள்ளி) தருகிறது. அதைவிட முக்கியமான வேலை ஒன்றும் செய்கிறது. சிப்பிலிருந்து வரும் கரண்ட் படிப்படியாகத்தான் மாறும், ஒவ்வொரு படியின் விளிம்பும் மிக வேகமானது. ஆஸிலோஸ்கோப் இருந்தால் ஆப்-ஆம்ப்பின் இன்வர்ட்டிங் காலில் புரோபை வைத்துப் பாருங்கள் (கிரவுண்ட் கிளிப்புக்குப் பதில் குட்டி ஸ்பிரிங்கைப் பயன்படுத்துங்கள், நீள வயர் பொய் சொல்லும்). புத்தகப்படி அங்கே தட்டையான கோடு இருக்க வேண்டும். திரையில் ஒவ்வொரு படிக்கும் ஊசி ஊசியாக எழுந்து அடங்குவது தெரியும். அந்த வேகத்துக்கு ஆப்-ஆம்ப்பால் ஓட முடியவில்லை, அதனால் விர்ச்சுவல் கிரவுண்ட் கொஞ்ச நேரத்துக்குக் கிரவுண்டாக இருப்பதில்லை.

கெப்பாசிட்டர் இருந்தால் முழு 7.8 மில்லிஆம்ப்பும் ஒரே படியில் குதித்தாலும், வெளியீடு ஏற வேண்டிய வேகம் 7.8 மில்லிஆம்ப்பை 2200 பிகோஃபாரட்டால் வகுத்தது, அதாவது மைக்ரோவினாடிக்கு 3.5 வோல்ட். 5534-இன் ஸ்லூ ரேட் (வெளியீடு ஏறக்கூடிய அதிகபட்ச வேகம்) 13, கடைசியில் சொல்லும் 22 பிகோஃபாரட்டைப் போட்டால் 6. போதும். கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு 'வேகமான' ஆப்-ஆம்ப் தேடுவது ஏன் வீண் வேலை என்று இந்த ஒரு வகுத்தலே சொல்லிவிடும். அதே கெப்பாசிட்டரை இரண்டு அங்குலம் தள்ளி, மெல்லிய டிராக் இழுத்து வைத்தாலும் பயன் பாதிதான். ஆப்-ஆம்ப்பின் காலை ஒட்டியே வையுங்கள். பிரெட்போர்டில் இந்தச் சர்க்யூட்டைச் சோதிக்க வேண்டாம்.

கெப்பாசிட்டர் வகை: சி0ஜி (மதிப்பு மாறாத செராமிக்), அல்லது பாலிபுரொப்பிலீன், பாலிஸ்டைரீன். எக்ஸ்7ஆர் வகை செராமிக் சிக்னல் பாதையில் வேண்டாம். வோல்டேஜ் மாறும்போது அதன் மதிப்பும் மாறுகிறது, அது நேரே டிஸ்டார்ஷன். பவர் சப்ளைக்கு அதைத் தாராளமாகப் போடுங்கள்.

சப்ளை என்றதும் ஒன்று. 6.2 மில்லிஆம்ப் 750 ஓமில் 4.65 வோல்ட். பாட்டே ஓடாதபோதும் முதல் ஆப்-ஆம்ப்பின் வெளியீடு அங்கே போய் நிற்கும். பாட்டு ஓடினால் உச்சம் கிட்டத்தட்ட 7.6 வோல்ட். பிளஸ் மைனஸ் 5 வோல்ட் சப்ளையில் இது நடக்காது. குறைந்தது 12, முடிந்தால் 15 கொடுங்கள்.

அடுத்த நிலை இரண்டு கால்களையும் கழித்து ஒன்றாக்கும், கூடவே ஃபில்டரும் செய்யும். எவ்வளவு செங்குத்தாக வெட்ட வேண்டும் என்பதுதான் கேள்வி. 1982-இல் வந்த சோனி சிடிபி-101 சிடி பிளேயரில் ஓவர்சாம்பிளிங் (மாதிரிகளுக்கு நடுவே கூடுதல் மாதிரிகளைக் கணக்கிட்டுச் சேர்ப்பது) கிடையாது. 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் பிம்பம் (மாதிரி எடுப்பதால் கூடவே வரும் போலி சிக்னல்) 24.1-இல் நிற்கும், நடுவில் இடமே இல்லை, அதனால் சுவர் மாதிரியான அனலாக் ஃபில்டர் போட்டார்கள். அதே காலத்தில் பிலிப்ஸ் நான்கு மடங்கு ஓவர்சாம்பிளிங் செய்து, பிம்பத்தை 156 கிலோஹெர்ட்ஸுக்கு அப்பால் தள்ளி, மூன்றாம் ஆர்டர் பெஸல் ஃபில்டரோடு முடித்துக்கொண்டது. உங்கள் சிப்புக்குள் எட்டு மடங்கு டிஜிட்டல் ஃபில்டர் இருக்கிறது. சிடி பாட்டுக்கு முதல் பிம்பம் 332.8 கிலோஹெர்ட்ஸில். கடினமான வேலையெல்லாம் உள்ளேயே முடிந்துவிட்டது, நீங்கள் மென்மையாக வெட்டினால் போதும். (பிலிப்ஸின் பழைய டாக் சிப்பான டிடிஏ1541ஏ-வை ஓவர்சாம்பிளிங் இல்லாமல், ஃபில்டரும் இல்லாமல் ஓட்டும் ரசிகர்கள் உண்டு. 20 கிலோஹெர்ட்ஸில் 3.2 டெசிபெல் இறக்கம் அதில் தானாக வரும். அந்த இறக்கத்தைத்தான் 'அனலாக் மென்மை' என்று பலர் கொண்டாடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.)

ஃபில்டருக்கு நான் மல்டிபிள் ஃபீட்பேக் வகையைத்தான் எடுப்பேன். இன்னொரு வகையான சாலன்-கீ சர்க்யூட் படத்தில் எளிமையாக இருக்கும், ஆனால் மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் ஏறிவிடுவதால், எதை வெட்ட வேண்டுமோ அதையே அதன் கெப்பாசிட்டர் நேராக வெளியே கடத்திவிடும். டாக் வெளியீட்டில் இருக்கும் குப்பை முழுக்க அந்தப் பக்கம்தான். மல்டிபிள் ஃபீட்பேக்கில் முதல் ரெசிஸ்டரை அடுத்து உடனே கிரவுண்டுக்கு ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. ஆப்-ஆம்ப் தூங்கினாலும் அது வேலை செய்யும்.

மதிப்புகள்: ஒவ்வொரு பக்கமும் உள்ளீட்டு ரெசிஸ்டர் 1 கிலோஓம், நடு முனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட், அங்கிருந்து ஆப்-ஆம்ப் காலுக்கு 270 ஓம். இன்வர்ட்டிங் பக்கம், வெளியீட்டிலிருந்து நடு முனைக்கு 510 ஓம், வெளியீட்டிலிருந்து இன்வர்ட்டிங் காலுக்கு 3.3 நானோஃபாரட். நான்-இன்வர்ட்டிங் பக்கம் அதே 510 ஓமும் 3.3 நானோஃபாரட்டும் வெளியீட்டுக்குப் பதில் கிரவுண்டுக்குப் போகும். வெட்டும் இடம் 75 கிலோஹெர்ட்ஸ், க்யூ (வெட்டு வளைவின் கூர்மை) 0.7. முதல் நிலையோடு சேர்த்தால் 20 கிலோஹெர்ட்ஸில் இறக்கம் 0.2 டெசிபெல், 332.8-இல் 37 டெசிபெல் வெட்டு. வெளியீடு 2.1 வோல்ட்.

ரெசிஸ்டர்களை இதைவிடப் பெரிதாக்க ஆசைப்படாதீர்கள். ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் மட்டுமே 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 1.8 மைக்ரோவோல்ட் இரைச்சல் போடும், அது 2 வோல்ட்டுக்கு 121 டெசிபெல் கீழே. 127 டெசிபெல் தரக்கூடிய சிப்பை வாங்கி அதில் தொலைப்பானேன். இரண்டு பக்கமும் 0.1 சதவீத ரெசிஸ்டர் போடுங்கள். இரண்டு காலிலும் பொதுவாக வரும் அந்த 4.65 வோல்ட்டும் மற்ற கசடும் கழிந்து போவது அவை ஒத்திருப்பதைப் பொறுத்தது.

சரி, ஆப்-ஆம்ப். 5534 போதும். அதற்கு 5-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் நடுவே 22 பிகோஃபாரட் அவசியம், இல்லாவிட்டால் இந்தச் சர்க்யூட்டில் ஆஸிலேட் ஆகலாம். அந்தத் தலைவலி வேண்டாமென்றால் 5532. பணம் இருந்தால் ஓபிஏ1612, இரைச்சல் குறையும், அளவீட்டில் தெரியும். காதில் தெரியுமா என்று பந்தயம் கட்ட மாட்டேன்.

வெளியீட்டில் 100 ஓம் தொடராகப் போட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபயரில் செருகும் முன் மல்டிமீட்டரை வையுங்கள். பாட்டு இல்லாதபோது டிசி சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு முழு அளவில் 100 ஹெர்ட்ஸ் சைன் ஓடவிடுங்கள் (1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவு மீட்டர்கள் அங்கே தடுமாறும்), ஏசியில் 2.1 வோல்ட் காட்ட வேண்டும். 1 வோல்ட் காட்டி, டிசியில் 2.4 வோல்ட் நின்றால், சிப்பின் இரண்டு வெளியீட்டுக் கால்களில் ஒன்று சரியாகச் சால்டர் ஆகவில்லை.