ஸ்விஃப்ட் டீசலுக்கு வேறு எஞ்சின்: ஒரு லட்சத்துக்குள் எதை நம்பி வாங்குவது?

கேள்வி: என்னிடம் 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல் இருக்கிறது. 2,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் திண்டுக்கல் போகும் வழியில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. தெரியாமல் கொஞ்ச தூரம் ஓட்டியதில் வண்டி தானாகவே நின்றுபோனது. "எஞ்சின் போச்சு சார், புதுப்பேட்டையில செகண்ட்ஸ் எஞ்சின் எடுத்துப் போட்டுடலாம்" என்று சென்னையின் பழைய உதிரி பாகச் சந்தையைச் சொல்கிறார் மெக்கானிக். லேத்துக்காரர், போர் போட்டு, அதாவது தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து, இதையே சரிசெய்யலாம் என்கிறார். என் மச்சானோ, "போடுறதே போடுறோம், எர்டிகாவோட 90 எச்.பி. எஞ்சினாப் போட்டுடு" என்கிறார். கையில் ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? (கரூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: மூன்று பேருமே எஞ்சின் செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஆனால் யாரும் எதையும் அளந்து பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. எஞ்சின் தேடுவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள். ஒரு நாள் கூலியோடு முடிகிற வேலை.

உங்கள் வண்டியில் இருப்பது ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட். ஃபியட்டிடம் உரிமம் பெற்று, மானேசரில் சுசுகியின் ஆலையில் தயாரானது, 1248 சி.சி., 75 எச்.பி. இதன் பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதி) வார்ப்பிரும்பு, ஹெட் (அதன் மேல் உட்காரும் பகுதி) அலுமினியம். தண்ணீர் வற்றிச் சூடு ஏறும்போது பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது ஹெட்தான். அது வளையும், இரண்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் போகும், சில சமயம் வால்வுகளுக்கு நடுவே விரிசல் விடும். பிளாக்கும், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கும் தப்பித்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

முதலில் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். சுற்றினால் பாதி நிம்மதி. அடுத்து, குளோ பிளக் (ஸ்டார்ட் ஆகச் சூடேற்றும் பிளக்) துளை வழியாக நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், அதாவது உள்ளழுத்தம், பார்க்க வேண்டும். பெட்ரோல் வண்டிக்கு வைத்திருக்கும் மீட்டர் இதற்கு உதவாது. டீசலுக்கான மீட்டரும், இந்தக் குளோ பிளக் துளைக்குப் பொருந்தும் அடாப்டரும் உள்ள பட்டறையாகப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் மட்டும் இறங்கியிருந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கட் போயிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். நான்குமே இறங்கியிருந்து, ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று பேக் கம்ப்ரஷனும் (பிஸ்டனைத் தாண்டிக் கசியும் புகை) அடித்தால், ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன. கடைசியாக ஆயில் சம்ப்பைக் கழற்றி ஒரு பிக் எண்ட் பேரிங்கை (பிஸ்டன் ராடு கிராங்கோடு சேரும் இடத்தில் இருப்பது) திறந்து பார்க்கச் சொல்லுங்கள். செம்பு நிறம் தெரிந்தால் கிராங்கும் வேலை வாங்கும்.

பழுது ஹெட்டோடு நின்றிருந்தால் வேறு எஞ்சின் என்ற பேச்சையே விட்டுவிடலாம். ஹெட்டை பிரஷர் டெஸ்ட் செய்து, வளைவு அளந்து, மிக லேசாக மட்டும் சீவலாம். டீசலில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி குறைவு என்பதால், இஷ்டத்துக்குச் சீவிய ஹெட் பிறகு வேறு தொல்லை கொடுக்கும். ஹெட் போல்ட்டுகள் கோணக் கணக்கில் இழுத்து முறுக்கப்படுபவை, பழையதையே திரும்பப் போட விடாதீர்கள். ஏறக்குறைய எல்லாம் திறந்திருக்கிற இந்த நேரத்தில் டைமிங் செயின் செட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் மூன்றையும் மாற்றிவிடுவது நல்லது. இந்த எஞ்சினில் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட வண்டியில் செயின் நீளும். அறுந்தால் வால்வு பிஸ்டனில் போய் முட்டும்.

அடிப்பகுதியும் போயிருந்தால்தான் உங்கள் கேள்வியே தொடங்குகிறது.

உங்கள் மச்சான் சொல்வதைச் சீக்கிரம் முடித்துவிடலாம்: வேண்டாம். எர்டிகா, எஸ்.எக்ஸ்.4 வண்டிகளில் வந்ததும் இதே 1248 சி.சி. குடும்பம்தான். ஆனால் அதில் டர்போ வேறு வகை, அதைக் கட்டுப்படுத்தும் ஈ.சி.யூ. (எஞ்சினின் கணினி) வேறு. எஞ்சினோடு ஈ.சி.யூ., வயரிங், சாவியோடு இணைந்த இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) என்று ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். எச்.பி. மாறினால் ஆர்.டி.ஓ. கேள்வியும் கூடவே வரும். ஒரு லட்சம் அதற்குப் போதாது. டாடா விஸ்டா குவாட்ராஜெட், ஃபியட் புன்டோ எஞ்சின்களும் இதே பரம்பரை என்பதால் "அப்படியே உட்காரும் சார்" என்பார்கள். மவுண்டிங் பிராக்கெட்டில் தொடங்கி வயரிங் வரை மாறும், ஆர்.சி.யில் கம்பெனியே மாறும். உதிரி பாகத்துக்கு வேண்டுமானால் அந்த எஞ்சின்கள் பக்கம் போகலாம்.

ஆக மிஞ்சுவது இரண்டு. இருப்பதையே போர் போடுவது, அல்லது இன்னொரு ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் வண்டியின் 75 எச்.பி. எஞ்சினை வாங்குவது. ரிட்ஸ் என்றாலும், முதல் தலைமுறை ஸ்விஃப்ட் என்றாலும் ஆண்டைப் பாருங்கள். உங்கள் வண்டி புகை மாசு விதியில் பி.எஸ்.4. பழைய பி.எஸ்.3 எஞ்சினை அதில் போட்டால் சென்சார் விஷயத்தில் ஒத்துப்போகாது, சட்டமும் ஏற்காது.

என் விருப்பம் எது என்று கேட்டால், லேத் நன்றாக இருக்கும்பட்சத்தில் போர் போடுவதுதான். காரணம் எஞ்சின் நம்பர். அதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பட்டறையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆர்.சி.யில் சேஸிஸ் நம்பரோடு எஞ்சின் நம்பரும் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் அந்தப் பதிவும் மாற வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியில் செய்த மாற்றத்தை 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்கச் சொல்கிறது. நடைமுறையில் வேலையைத் தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் காகிதங்கள் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு, பிறகு எஞ்சினுக்கு முன்பணம் கொடுப்பதே புத்திசாலித்தனம். வண்டி மேல் கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதி பாலிசியில் நம்பரைத் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு வரும் சர்வேயர் அந்த நம்பரை வைத்தே கிளைமை இழுத்தடிக்கலாம்.

"யாரு சார் பானட்டைத் திறந்து பாக்கப் போறா?" என்பார்கள். உங்களுக்கு 2027-இல் பார்ப்பார்கள். 2012 பதிவு என்றால் அந்த ஆண்டில் 15 வருடம் முடிகிறது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும், சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் சரிபார்ப்பார்கள். 15 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் மட்டுமே 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். பசுமை வரி தனி. காகிதமில்லாத எஞ்சினோடு அங்கே போய் நின்றால், மொத்த வண்டியும் காயலான் கடை விலைக்கு வந்துவிடும்.

போர் போட்டால் நம்பர் மாறாது, இந்த அலைச்சல் எதுவும் இல்லை. ஆனால் முதலில் ஓவர்சைஸ் பிஸ்டன் செட் கையில் வரட்டும். அந்தப் பிஸ்டனை அளந்துதான் போர் போட வேண்டும். "போர் போட்டு வெச்சிடறேன், பிஸ்டன் அப்புறம் வாங்கிக்கலாம்" என்று சொல்லும் லேத்தில் வேலை கொடுக்காதீர்கள். கிராங்கைச் சாணை பிடிக்க வேண்டுமென்றால் அதற்கான அண்டர்சைஸ் பேரிங் கிடைக்கிறதா என்றும் முன்கூட்டியே கேளுங்கள். இந்த மல்டிஜெட்டை ஏற்கெனவே செய்து பழகிய லேத்தாக இருக்கட்டும். கரூரில் இல்லையென்றால் பிளாக்கைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினாலும் நஷ்டமில்லை.

அப்படி லேத் அமையவில்லை, அல்லது பிளாக்கே விரிசல் விட்டிருக்கிறது என்றால் செகண்ட்ஸ் எஞ்சின்தான் வழி. அங்கே கவனிக்க வேண்டியவை நிறைய.

மாருதி 2020 ஏப்ரலில் டீசல் கார்களையே நிறுத்திவிட்டது, ஆனாலும் இந்த எஞ்சினுக்குப் பஞ்சமில்லை. அதற்கு ஒரு காரணம் டாக்ஸியாக ஓடிய டிசையர்கள். அதுவே உங்களுக்கு எச்சரிக்கையும்கூட. "ஒரு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடினது" என்று விற்கிற எஞ்சின் மூன்று லட்சம் ஓடிய கால் டாக்ஸியிலிருந்து வந்திருக்கலாம். எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். எம்பரிவாகன் செயலியில் போட்டால் எந்த ஆண்டு வண்டி, எந்த வகை வண்டி என்று தெரிந்துவிடும். பதிவு எண்ணே சொல்ல மாட்டேன் என்கிற கடையில் பேரம் பேசுவதே வீண். எஞ்சின் நம்பரைத் தேய்த்துப் பாருங்கள்; உளி பட்ட தடமோ, அரத்தால் ராவிய தடமோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். திருட்டு வண்டியா என்று எஞ்சின் நம்பரை வைத்துத் தேட, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவை இருக்கிறது. பில்லில் அந்த நம்பர் எழுதியிருக்க வேண்டும், ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்க வேண்டும், கழித்த வண்டியின் ஆர்.சி. நகலும் வாங்க வேண்டும்.

பின்பக்கம் இடிபட்டு இன்சூரன்ஸில் முழுச் சேதம் என்று கழித்த வண்டியின் எஞ்சின் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஓடிக்கொண்டிருந்த நல்ல எஞ்சின் அப்படியே வந்திருக்கும். முன்பக்கம் இடிபட்டதென்றால் செயின் கவர், சம்ப், கிராங்க் புல்லி, பிளாக்கின் பிராக்கெட் காதுகள் எல்லாவற்றையும் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். அந்தக் காலத்து டீசல் எஞ்சின்களைத் தரையில் வைத்தே பேட்டரி கொடுத்து ஓட்டிக் காட்டுவார்கள். இது காமன் ரெயில், டீசல் பாய்வதையே கணினிதான் கட்டுப்படுத்துகிறது, ஈ.சி.யூ.வும் வயரிங்கும் இல்லாமல் ஓடாது. ஆகவே ஆயில் மூடியின் உள்பக்கம் வெள்ளைப் பசை இருக்கிறதா, தண்ணீர்க் குழாய் வாயில் துரு படிந்திருக்கிறதா, டர்போ சக்கரம் ஆடுகிறதா என்று பார்ப்பதோடு, ஸ்டார்ட்டர் மோட்டார் போட்டுச் சுற்றி அங்கேயே கம்ப்ரஷன் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் சம்ப்பைத் திறந்து பேரிங்காவது காட்டட்டும்.

உங்கள் வண்டியின் ஈ.சி.யூ., வயரிங், சாவி மூன்றையும் தொடவே கூடாது. அதிலிருக்கும் இம்மொபிலைசர் ஒத்துப்போவது அவற்றோடுதான். இன்ஜெக்டர்களைக் கழற்றி டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் டெஸ்ட் செய்து, உங்களுடையது நன்றாக இருந்தால் அதையே போடுங்கள்.

கடைக்காரர் கொடுக்கும் கேரண்டியை வாய்ப்பேச்சாக விடாமல் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதினாலும் அவர் மாற்றித் தருவது எஞ்சினை மட்டும்தான். இரண்டாம் முறை இறக்கி ஏற்றும் கூலியும் ஆயிலும் கூலன்ட்டும் உங்கள் பணம். அதனால் ஒரு லட்சத்தில் எஞ்சினுக்குப் பாதிக்கு மேல் போகாதீர்கள். செயின் செட், எஞ்சின் இறங்கியிருக்கும்போதே மாற்ற வேண்டிய கிளட்ச், மவுண்டிங், ஹோஸ், லாரி வாடகை, கூலி, ஆர்.டி.ஓ. செலவு எல்லாம் மீதிப் பாதியில்தான் வர வேண்டும்.

எந்த எஞ்சின் போட்டாலும் பழைய ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஃபேன் சரியான நேரத்தில் ஓடுகிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். ஹோஸ் வயதாகி வெடித்ததா, உள்ளே அழுத்தம் ஏறி வெடித்ததா என்பது இன்னும் தெரியவில்லை. முதல் 1,000 கிலோமீட்டரில் ஆயிலை ஒருமுறை மாற்றிவிடுங்கள்.